ஆகஸ்டில் கிளம்பிய கைவண்டிகள்: 1856 மோர்மன் குடிபெயர்வு, ஒரு நிர்வாகத் தோல்வியின் ஆய்வு

1856-ஆம் ஆண்டு ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து, அமெரிக்காவின் மேற்கிலுள்ள யூட்டாவுக்குக் கைவண்டி இழுத்தபடி நடந்துபோன மோர்மன் (அமெரிக்காவில் தோன்றிய ஒரு கிறித்தவப் பிரிவு) குழுக்கள் ஐந்து. முதல் மூன்றும் செப்டம்பர் 26-க்கும் அக்டோபர் 2-க்கும் இடையில் யூட்டாவின் சால்ட் லேக் நகருக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றிலும் சாவு உண்டு; ஆனால் அந்தக் காலத்துப் பயணங்களில் வழக்கமாக நேர்ந்த அளவுதான். ஜேம்ஸ் வில்லி தலைமையில் வந்த நான்காம் குழுவும், எட்வர்ட் மார்ட்டின் தலைமையில் வந்த ஐந்தாம் குழுவும் இன்றைய வயோமிங் மாநிலத்து மலைப்பனியில் மாட்டிக்கொண்டன. இரண்டிலும் சேர்ந்து 980 பேர். அவர்களில் 200 பேருக்கு மேல் உயிரோடு ஊர் சேரவில்லை.

வண்டியும் பாதையும் ஐந்து குழுக்களுக்கும் ஒன்றுதான். திருச்சபைத் தலைமையும் அதேதான். மாறியது புறப்பட்ட தேதி. இதைச் சொல்லிவிட்டு நகர்வது சுலபம். தேதி எந்தெந்தக் கைகளில் நழுவியது, நழுவியது கண்ணுக்குத் தெரிந்த பிறகும் நிறுத்தச் சொல்ல ஏன் ஒருவரிடமும் அதிகாரம் இல்லை என்பதுதான் இங்கே ஆராய வேண்டியது.

பணமில்லாத நிதி

மோர்மன்கள் 1847-இல் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் குடியேறினார்கள். பிரிட்டன், ஸ்காண்டிநேவியா நாடுகளில் மதம் மாறிய ஏழைகளை அங்கே அழைத்துவர 1849-இல் நிரந்தரக் குடிபெயர்வு நிதி தொடங்கப்பட்டது. நிதி கடனாகப் பயணச்செலவைக் கொடுக்கும். வந்து சேர்ந்தவர் உழைத்து அடைக்க வேண்டும். அந்தப் பணத்தில் அடுத்தவர் வருவார். அடைபடும் வரைதான் இந்தச் சக்கரம் சுற்றும். வந்தவர்களுக்கு நிலம் திருத்தவும் வீடு கட்டவுமே சில வருடம் ஆகும் என்பதால் கடன் திரும்பவில்லை. 1855-இல் வெட்டுக்கிளியும் வறட்சியும் சேர்ந்து யூட்டாவின் விளைச்சலை அழித்தன. அடுத்து வந்த கடுங்குளிரில் ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. தசமபாகமாக (பத்தில் ஒரு பங்கு காணிக்கையாக) தானியமும் மாடும் வந்து நிறையும் கிடங்கே காலியானபோது நிதி எங்கிருந்து நிரம்பும்?

வண்டியும் காளைகளும் வாங்குவதுதான் பயணச் செலவில் பெரும்பங்கு. அதை எடுத்துவிட்டால் கணக்கு சரியாகும் என்று திருச்சபைத் தலைவர் பிரிகாம் யங் முடிவெடுத்தார். லிவர்பூலிலிருந்து ஐரோப்பியப் பணியை நடத்திய பிராங்க்ளின் ரிச்சர்ட்ஸுக்கு 1855 செப்டம்பர் 30 தேதியிட்டு அவர் எழுதிய கடிதம்தான் இந்தத் திட்டத்தின் மூல ஆவணம். லிவர்பூல் திருச்சபை இதழில் அது அச்சானது டிசம்பர் 22 அன்று. சால்ட் லேக்கில் ஒரு முடிவெடுத்தால் அது லிவர்பூலில் படிக்கப்படப் பன்னிரண்டு வாரம் ஆகும் என்பதை இந்த இரண்டு தேதிகளும் காட்டுகின்றன. பதில் திரும்பிவர இன்னொரு பன்னிரண்டு வாரம். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

கடிதம் சொன்னவற்றில் நான்கு விஷயம் முக்கியம். ஒரு நாளைக்கு 15 மைல் நடந்தால் 70 நாளில் வந்துவிடலாம். பழகிவிட்டால் 20, 25, ஏன் 30 மைல்கூடப் போகலாம். மிசூரி ஆற்றிலிருந்து 90 நாளுக்கு உணவு எடுத்துக்கொண்டால் போதும். மாட்டு வண்டிகளை விடச் சீக்கிரம் கிளம்பலாம். வண்டியைத் துளி இரும்பில்லாமல் செய்யலாம். சீக்கிரம் கிளம்புவது இங்கே திட்டத்தின் ஒரு நன்மையாகத்தான் வருகிறது. இன்ன தேதிக்குப் பிறகு கிளம்பக் கூடாது என்ற கட்டளையாக வரவில்லை. என் கணிப்பில் முதல் ஓட்டை இதுதான், அது உச்சியிலேயே விழுந்தது.

கட்டணம் லிவர்பூலிலிருந்து சால்ட் லேக் வரை பெரியவருக்கு 9 பவுன், கைக்குழந்தைக்கு அதில் பாதி. ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வருடக்கணக்கில் காத்திருந்த விஷயம் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. பெயர் கொடுத்தவர்களின் எண்ணிக்கை ஏற்பாடுகளைத் தாண்டிப் போனது. கப்பல் அமர்த்துவதும் தாமதமாயிற்று. தார்ன்டன் என்ற கப்பல் லிவர்பூலை விட்டது மே 4 அன்று. ஹொரைசன் மே 25 அன்று. முதலாவதில் வந்தவர்களே பெரும்பாலும் வில்லி குழு ஆனார்கள், இரண்டாவதில் வந்தவர்கள் மார்ட்டின் குழு ஆனார்கள். மார்ச் 23-லேயே கிளம்பிய இனாக் டிரெய்ன் கப்பல்காரர்களோடு ஒப்பிட்டால், அட்லாண்டிக்கில் இறங்கும்போதே இவர்கள் ஆறு முதல் ஒன்பது வாரம் பின்தங்கியிருந்தார்கள்.

வண்டி

ரயில் பாதை அயோவா சிட்டியோடு முடிந்தது. அங்கிருந்து சால்ட் லேக் சுமார் 1,300 மைல், அதாவது 2,000 கிலோமீட்டருக்கு மேல். கைவண்டிகள் அயோவா சிட்டி முகாமில்தான் கட்டப்பட்டன. அந்த முகாமின் பொறுப்பு டேனியல் ஸ்பென்சரிடம் இருந்தது.

வண்டியின் அமைப்பு எளிது. ஹிக்கரி அல்லது ஓக் மரத்தில் ஆறேழு அடி நீளத்துக்கு இரண்டு பக்கச் சட்டம். அவையே முன்னால் நீண்டு இழுப்புக் கைகளாகும். குறுக்கே மூன்று நான்கு கட்டைகள். முன்கட்டைக்கும் இழுப்புக் குறுக்குக்கும் நடுவே ஆள் நிற்க இரண்டு மூன்றடி இடைவெளி. படுக்கைத் துணியை அடியில் தைத்துத் தளம் ஆக்கிக்கொண்டார்கள். இருசு (சக்கர அச்சு) பெரும்பாலும் ஹிக்கரி. வெறும் வண்டி 60 பவுண்டு, அதாவது 27 கிலோ வாக்கில் இருக்கும்.

கோளாறு மரத்தில் இருந்தது. நம் ஊர்த் தச்சர்கள் வண்டிக்கு மரத்தை வருடக்கணக்கில் உலரவிட்ட பிறகே கைவைப்பார்கள். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அயோவாவில் உலர்ந்த மரம் போதவில்லை, பச்சை மரத்தைப் போட்டார்கள். மிசூரிக்கு மேற்கே காற்றில் ஈரமே கிடையாது. குடம் சுருங்கி ஆரக்கால் ஆடும், வட்டை பிளக்கும், மர இருசு மரக் குடத்துக்குள் சுழலுமிடத்தில் மணல் புகுந்து அரம் போல் அறுக்கும். வண்டி மை போதுமான அளவு கொடுக்கப்படவில்லை. சிலர் ரேஷனில் வந்த பன்றிக்கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். கொழுப்பு தடவிய இடத்தில் மணல் இன்னும் அதிகமாக ஒட்டியது, தேய்மானம் கூடியது. பூட்ஸ் தோலை அறுத்து இருசில் சுற்றினார்கள், தகரத் தட்டை வெட்டி வளைத்துச் செருகினார்கள். பூட்ஸை அறுத்த கால்கள் அக்டோபர் கடைசியில் பனியில் நடந்தன.

துளி இரும்பு வேண்டாம் என்ற வரி காசையும் எடையையும் குறைக்க எழுதப்பட்டது. அதன் விலையை ஒவ்வொரு வண்டியும் வழியில் ரிப்பேருக்காக நின்ற மணிநேரங்களில் கொடுத்தது.

குழுவின் அமைப்பு ராணுவ ஒழுங்கில் இருந்தது. நூறு பேருக்கு ஒரு தலைவர், 20 கைவண்டி, ஐந்து கூடாரம், உணவும் கூடாரமும் சுமக்க மூன்று ஜோடிக் காளை பூட்டிய பெரிய வண்டி ஒன்று. ஒரு கைவண்டிக்கு ஐந்து பேர், ஒரு கூடாரத்தில் இருபது பேர். பெரியவருக்கு 17 பவுண்டு மூட்டை அனுமதி, படுக்கையும் துணியும் பாத்திரமும் அதற்குள் அடங்க வேண்டும். சிறுவருக்கு 10 பவுண்டு. முகாமில் எடைத்தராசு வைத்து நிறுத்தார்கள். அதிகமாக இருந்ததை அங்கேயே விற்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். கம்பளிகளும் கனத்த மேலங்கிகளும் இப்படித்தான் கழிந்தன. ஜூலை வெயிலில் அது சரியான முடிவாகத்தான் தெரிந்திருக்கும்.

வில்லி குழு ஜூன் கடைசியில் அயோவா சிட்டி வந்தது. வண்டி தயாராக இல்லாததால் ஜூலை 15 வரை காத்திருந்தது. மார்ட்டின் குழு ஜூலை 28-இல் கிளம்பியது. கப்பலில் இழந்த வாரங்களோடு தச்சுப்பட்டறையில் இன்னும் மூன்று வாரம் சேர்ந்தது.

புளோரன்ஸ் கூட்டம்

அயோவா சிட்டியிலிருந்து மிசூரிக் கரையிலுள்ள புளோரன்ஸ் வரை 300 மைலுக்குச் சற்றுக் குறைவு. ஆங்காங்கே குடியிருப்பு உள்ள, ஓரளவு சமமான புல்வெளி. வில்லி குழு இதைக் கடக்க எடுத்துக்கொண்டது கிட்டத்தட்ட நான்கு வாரம். ஆகஸ்ட் 11-இல் வந்து சேர்ந்தது. சராசரி நாளைக்குப் பத்து மைல்.

இந்தப் பத்து மைல் என்ற எண் எல்லார் கையிலும் இருந்தது. எஞ்சிய தூரம் 1,031 மைல். ஆகஸ்ட் 18-இல் கிளம்பி, கடிதம் சொன்ன 15 மைல் வேகத்தில் போனால் அக்டோபர் 26 வாக்கில் சேரலாம். அதுவே மலைப்பகுதிக்கு மிகத் தாமதம். அவர்கள் உண்மையில் நடந்து காட்டிய பத்து மைல் வேகத்தில் போனால் நவம்பர் கடைசி. 15 மைல் நடக்க முடியாத கற்பனை அல்ல. முதல் குழு ஜூலை மூன்றாவது வாரத்தில் புளோரன்ஸை விட்டு, அந்த வேகத்தில்தான் செப்டம்பர் 26-இல் ஊர் சேர்ந்தது. ஆனால் கடைசி இரண்டு குழுக்களில் முதியவர்களும், கைக்குழந்தைக்காரர்களும், ஆண்துணை இல்லாத குடும்பங்களும் மிகுதி. திட்டம் ஓர் இளைஞனின் நடையை வைத்துக் கணக்குப் போட்டது.

ஆகஸ்ட் 13-இல் கூட்டம் கூடியது. கேள்வி ஒன்றே ஒன்று: போவதா, அங்கேயே குளிர்காலத்தைக் கழிப்பதா? குழுவில் சால்ட் லேக் வரை ஏற்கெனவே போய்வந்தவர்கள் நான்கே பேர்: வில்லி, மில்லன் அட்வுட், வில்லியம் உட்வர்ட், லெவி சாவேஜ். மற்ற நானூறு பேரும் அந்த மலைகளைப் பார்த்ததே இல்லை. சாவேஜ் 1846-இல் மோர்மன் படைப்பிரிவில் மேற்கே நடந்தவர். கல்கத்தா வழியாகப் பர்மா போய் ஊழியம் செய்துவிட்டு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் எழுந்து, இத்தனை முதியவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு இந்தப் பருவத்தில் மலை ஏறக் கூடாது, பலவீனமானவர்கள் சாவார்கள் என்று அழுதபடி சொன்னார். அனுபவமுள்ள நால்வரில் எதிர்த்துப் பேசியது அவர் ஒருவர்தான். புளோரன்ஸில் குடிபெயர்வை மேற்பார்த்த மூத்தவர்கள், கடவுள் வழியைத் திறப்பார் என்றார்கள். அவர்களில் ஒருவரான வில்லியம் கிம்பல், வழியில் விழும் பனியையெல்லாம் நானே தின்கிறேன் என்று உறுதி சொன்னதாக அந்தக் குழுவில் நூற்றுவர் தலைவராக இருந்த ஜான் சிஸ்லெட் பின்னர் எழுதினார். கை தூக்கச் சொன்னார்கள்; பெரும்பான்மை போகலாம் என்றது. சாவேஜ், நான் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் நீங்கள் போவதால் உங்களோடு வருவேன், உழைப்பேன், துன்பப்படுவேன், தேவைப்பட்டால் சாவேன் என்று சொல்லி உடன் கிளம்பினார்.

இந்த வாக்கெடுப்பைப் பலர் மக்களே எடுத்த முடிவாகப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மலையைப் பார்த்திராதவர்களிடம், மேலாளர்கள் பேசி முடித்த பிறகு, தயக்கத்தை விசுவாசக் குறைவாகக் காணும் ஒரு சபையில் கேட்கப்பட்ட கேள்வி அது. நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று எந்த ஆவணத்திலும் எழுதப்படவில்லை. ஸ்பென்சர் அயோவா சிட்டியில், ரிச்சர்ட்ஸ் இன்னும் வந்து சேரவில்லை, யங் ஆயிரம் மைலுக்கு அப்பால். தந்தி சால்ட் லேக்கை எட்டியது 1861 அக்டோபரில்தான்.

தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புளோரன்ஸ் இருந்த இடம் 1846–47 குளிர்காலத்தில் மோர்மன்கள் ஆயிரக்கணக்கில் தங்கிய பழைய முகாம்தான். இரண்டு குழுக்களின் 980 பேருக்கும் ஆறு மாதம் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு வீதம் மாவு கொடுக்க சுமார் 1,76,000 பவுண்டு தேவைப்பட்டிருக்கும். ஏறக்குறைய 80 டன். நிதியில் அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. தடங்கல் வந்தால் என்ன செய்வது என்பதற்கு வரவு செலவில் ஒரு வரிகூட இல்லாத திட்டம், தடங்கல் வந்ததும் முன்னே போவதைத் தவிர வேறு வழி தெரியாமல் நிற்கும்.

சமவெளியில்

புளோரன்ஸில் மாவு ரேஷன் நாளுக்கு ஒரு பவுண்டாக உயர்ந்தது. மாட்டு வண்டிகளில் இடம் போதாததால் ஒவ்வொரு கைவண்டியிலும் 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்று ஏற்றப்பட்டது. ஐந்து பேரின் 85 பவுண்டு மூட்டை, பாத்திரம், நடக்க முடியாத குழந்தை, அதன்மேல் இந்த மாவு. நாளாக நாளாக மாவு குறைந்து வண்டி இலகுவாகும் என்பது கணக்கு.

செப்டம்பர் முதல் வாரத்தில், பிளாட் ஆற்றுச் சமவெளியில், எருமை மந்தை மிரண்டு ஓடியபோது வில்லி குழுவின் சுமார் 30 மாடுகள் அதோடு காணாமல் போயின. நல்ல காளைகள் பல போய்விட்டன. தேடிப் பல நாள் கழிந்தது. கறவைகளையும் இறைச்சிக்கு வைத்திருந்த மாடுகளையும் நுகத்தில் பூட்டிப் பார்த்தார்கள். பழகாத மாடுகள் இழுக்கவில்லை. பெரிய வண்டிகளில் இருந்த மாவை இறக்கிக் கைவண்டிக்கு இன்னொரு மூட்டை வீதம் ஏற்றினார்கள். இலகுவாகத் தொடங்கியிருந்த வண்டிகள் மறுபடி கனத்தன. பால் நின்றது. ஒரு விபத்தில் வேகம், பாரம், உணவு என்று மூன்றும் சேர்ந்து அடிபட்டது.

செப்டம்பர் 12-இல் ரிச்சர்ட்ஸும் உடன் வந்த ஊழியர்களும் குதிரை வண்டிகளில் வேகமாக வந்து வில்லி குழுவைக் கடந்தார்கள். புளோரன்ஸில் பேசியதற்காக சாவேஜ் எல்லார் முன்னிலையிலும் கண்டிக்கப்பட்டார். லாரமி கோட்டையில் பொருள் காத்திருக்கும்படி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் முன்னே போனார்கள். செப்டம்பர் முடிவில் குழு லாரமியை அடைந்தபோது அங்கே உணவு இல்லை. சவுத் பாஸ் கணவாய்க்கு முன்னால் எதுவும் கிடைக்காது என்று தகவல் மட்டும் இருந்தது.

அதன் பிறகு ரேஷன் இறங்கிய விதத்தைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். ஒரு பவுண்டு முக்கால் பவுண்டு ஆனது. அக்டோபர் நடுவில் ஆணுக்குப் பத்தரை அவுன்ஸ், பெண்ணுக்கும் முதியவருக்கும் ஒன்பது, சிறுவருக்கு ஆறு, கைக்குழந்தைக்கு மூன்று. பத்தரை அவுன்ஸ் கோதுமை மாவு ஏறக்குறைய 300 கிராம். சுமார் ஆயிரம் கலோரி. குளிரில் நாளெல்லாம் வண்டி இழுக்கும் உடம்புக்கு அதைப் போல் மூன்று மடங்குக்கு மேல் வேண்டும். மாலையில் வண்டி இழுத்துவந்த ஆண்கள் இரவில் எழாமலே போனார்கள். அதிகம் இறந்தவர்கள் குடும்பத் தலைவர்களான ஆண்கள் என்பதைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிகம் இழுத்தவர்களும் ஆற்றில் நடுப்பகலிலும் இரவிலும் இறங்கியவர்களும் அவர்கள்தானே.

மார்ட்டின் குழு இன்னும் நூறு மைலுக்கு மேல் பின்னால் இருந்தது. அக்டோபர் 17-இல் டீர் கிரீக்கில், மாடுகள் நலிந்துவிட்டதால் பாரத்தைக் குறைப்பது என்று முடிவாகி, பெரியவருக்கு 10 பவுண்டுக்கு மேற்பட்ட படுக்கையும் துணியும் நெருப்பில் போடப்பட்டன. இரண்டு நாள் கழித்து, 19-ஆம் தேதி, பிளாட் ஆற்றைக் கடைசி முறையாகக் கடக்கும்போதே முதல் பனிப்புயல் அடித்தது. அதே நாள் வில்லி குழுவில் கடைசி மாவு பங்கிடப்பட்டது. புளோரன்ஸை விட்டு 62 நாள் ஆகியிருந்தது. 90 நாள் உணவு என்று கடிதம் சொன்னது. அத்தனை உணவைச் சுமக்க வண்டியும் இல்லை, மாடும் இல்லை.

சால்ட் லேக் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது

யங் அப்போது திருச்சபைத் தலைவர் மட்டுமல்ல. யூட்டா பிரதேசத்தின் ஆளுநரும் அவரே, பூர்வகுடி விவகாரக் கண்காணிப்பாளரும் அவரே. 1856 மார்ச்சில் மாநிலத் தகுதி கேட்டு அரசியலமைப்பு ஒன்று தயாரித்து, அதை வாஷிங்டன் கொண்டுசெல்ல ஜார்ஜ் ஏ. ஸ்மித்தும் ஜான் டெய்லரும் நியமிக்கப்பட்டார்கள். அதே டெய்லர்தான் நியூயார்க்கில் குடிபெயர்வோருக்கும் பொறுப்பு. ஜூனில் புதிய குடியரசுக் கட்சி, மோர்மன்களிடம் அன்று வழக்கிலிருந்த பலதார மணத்தையும் அடிமைமுறையையும் காட்டுமிராண்டித்தனத்தின் இரட்டை எச்சங்கள் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. மாநிலத் தகுதி முயற்சி அதோடு படுத்துவிட்டது. செப்டம்பரில் மக்களை மனந்திரும்பச் சொல்லும் சீர்திருத்த இயக்கம் தொடங்கி, மூத்த தலைவர்கள் ஊர் ஊராகப் பிரசங்கத்தில் இருந்தார்கள். ஒரே சிலர் மேல் அரசு, சபை, குடிபெயர்வு, கடன் எல்லாம் குவிந்திருந்தது. பாதையில் யார் வருகிறார்கள் என்று தொடர்ந்து கணக்கு வைக்கும் தனி அலுவலகம் இல்லை.

மூன்றாம் குழு அக்டோபர் 2-இல் வந்ததோடு கைவண்டிக்காரர்கள் வந்துமுடிந்தார்கள் என்றே ஊர் நினைத்தது. 4-ஆம் தேதி வந்த ரிச்சர்ட்ஸ், இன்னும் ஆயிரம் பேர் பாதையில் இருக்கிறார்கள் என்று சொன்னார். கைவண்டிக் குழுக்களுக்குப் பின்னால் ஹாட்ஜெட், ஹன்ட் தலைமையிலான இரண்டு மாட்டு வண்டிக் குழுக்களும் வந்துகொண்டிருந்தன.

இதற்கு மேல் நடந்ததில் அதே தலைமையின் மறுபக்கம் தெரிகிறது. மறுநாளே யங் சபையில் எழுந்து எண்ணிக்கையோடு கேட்டார்: கோவேறு கழுதை வண்டிகள், 12 டன் மாவு, தேர்ந்த 40 வண்டியோட்டிகள். போய் அந்த மக்களைக் கொண்டுவராவிட்டால் உங்கள் விசுவாசம் உங்களைக் காப்பாற்றாது என்றார். பெண்கள் அங்கேயே காலுறையும் உள்பாவாடையும் கழற்றிக் குவித்தார்கள். 7-ஆம் தேதி ஜார்ஜ் டி. கிராண்ட் தலைமையில் 27 பேர், 16 வண்டிகளோடு கிளம்பினார்கள். அவர்களில் ஒருவர் வில்லியம் கிம்பல். மூன்றே நாளில் முடிவு, ஆள், வண்டி, மாவு எல்லாம் பாதையில். லிவர்பூலில் மாதக்கணக்கில் ஆகாதது அது. ஆயர்கள் வட்டத்துக்கு வட்டம் திரட்டும் தசமபாக அமைப்பு பக்கத்தில் இருந்ததும், ஆணையிடுபவர் கண்ணெதிரில் இருந்ததும்தான் வேறுபாடு.

மீட்பிலும் பிழை உண்டு. குழுக்கள் எங்கே இருக்கின்றன என்று தெரியாமல் கிராண்ட் அக்டோபர் 14-இல் நான்கு பேரை முன்னோட்டமாக அனுப்பினார். அவர்கள் 19-இல் வில்லி குழுவைக் கண்டு, உதவி வருகிறது என்று சொல்லிவிட்டு மார்ட்டினைத் தேடிப் போனார்கள். அதே புயலில் மீட்பு வண்டிகள் ஆற்றோரப் புதருக்குள் ஒதுங்கி நின்றுவிட்டன. வில்லியும் ஜோசப் எல்டரும் பனியில் சவாரி போய் அவர்களைக் கண்டுபிடித்து அழைத்துவந்த பிறகே, 21-ஆம் தேதி, மாவு கைக்கு வந்தது. 23-ஆம் தேதி ராக்கி ரிட்ஜ் என்ற கற்சரிவு. எதிர்க்காற்றில், பனியில், 15 மைல் போல நடை. கடைசி ஆட்கள் முகாமுக்கு வந்தபோது விடியும் நேரம். மறுநாள் காலை ராக் கிரீக்கில் 13 பேரை ஒரே குழியில் வட்டமாக அடக்கினார்கள். இன்னும் இருவர் அடுத்து இறந்தார்கள்.

மார்ட்டின் குழுவை அக்டோபர் 28-இல்தான் கண்டுபிடித்தார்கள். அவர்கள் நடக்கும் நிலையில் இல்லை. டெவில்ஸ் கேட் அருகே ஒரு மலையிடுக்கில் நவம்பர் முதல் வாரத்தில் சில நாள் ஒதுங்கினார்கள். ஆட்களை ஏற்ற இடம் வேண்டி, பின்னால் வந்த மாட்டு வண்டிகளின் சரக்கை எல்லாம் டெவில்ஸ் கேட்டில் இறக்கி, காவலுக்கு 20 பேரை நிறுத்திவிட்டுக் கிளம்பினார்கள். அந்த இருபது பேரும் குளிர்காலத்தை மாட்டுத்தோலை வேகவைத்துத் தின்று கழித்தார்கள். இதற்கிடையே மேற்கிலிருந்து அடுத்தடுத்து வந்த மீட்பு வண்டிகளில் சில, எந்தச் செய்தியும் வராததால், குழுக்கள் எங்கோ தங்கியிருக்கும் அல்லது அழிந்திருக்கும் என்று எண்ணித் திரும்பிவிட்டன. ஆள் அனுப்பி அவற்றை மறுபடி கிழக்கே திருப்ப வேண்டியிருந்தது. சவுத் பாஸ் பக்கம் ரெடிக் ஆல்ரெட் மட்டும் சொன்ன இடத்தை விட்டு அசையாமல் பொருளோடு காத்திருந்தார். அக்டோபர் கடைசியில் சுமார் 250 வண்டிகள் பாதையில் இருந்தன.

வில்லி குழு நவம்பர் 9-இல் வந்தது. இறந்தவர்கள் சுமார் 70. மார்ட்டின் குழு நவம்பர் 30, ஞாயிறன்று வந்தது. இறந்தவர்கள் 135 முதல் 150. அன்று காலை வழிபாட்டில் யங், பிரார்த்தனை நல்லதுதான், ஆனால் சுட்ட உருளைக்கிழங்கும் பாலும் வேண்டிய இடத்தில் அது போதாது என்ற பொருளில் பேசி, பிற்பகல் கூட்டத்தை ரத்து செய்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். உறைந்துபோன கால்விரல்களோடு வந்தவர்கள் அன்று மாலைக்குள் வீடுவீடாகப் பங்கிடப்பட்டார்கள்.

பொறுப்பு யார் மேல்

நவம்பர் 2-ஆம் தேதி யங் வெளிப்படையாகப் பேசினார். தாமதத்துக்கு ரிச்சர்ட்ஸும் ஸ்பென்சரும்தான் காரணம், தன்னை யாரும் குறை சொல்லக் கூடாது என்றார். இனிமேல் குறித்த தேதிக்குப் பிறகு யாராவது குழுவைக் கிளப்பினால் சபையிலிருந்து விலக்கப்படுவார் என்றும் அறிவித்தார். ரிச்சர்ட்ஸ் பதவி இழக்கவில்லை. 1899-இல் இறக்கும் வரை திருச்சபையின் உயர்மட்டக் குழுவான பன்னிருவர் அவையில் இருந்தார். ரிச்சர்ட்ஸ் மேல் சுமத்திய குற்றம் நியாயமானது, ஆனால் பாதிதான். விலக்கு என்ற தண்டனையோடு அன்று சொன்ன தேதிக் கட்டளையை 1855 செப்டம்பர் கடிதத்திலேயே எழுதியிருந்தால், புளோரன்ஸில் சாவேஜ் கையில் ஓர் ஆவணம் இருந்திருக்கும். ஒருவர் கண்ணீரோடு மன்றாட வேண்டிய தேவை இருந்திருக்காது.

நடைமுறையில் மாறியவை பல. கைவண்டி நிற்கவில்லை: 1857-இல் இரண்டு குழு, 1859-இல் ஒன்று, 1860-இல் இரண்டு, மொத்தம் பத்துக் குழுக்களில் ஏறக்குறைய 3,000 பேர். பின்னவை நேரத்தோடு கிளம்பின, மரத்தைக் கவனித்துச் செய்தார்கள், பேரழிவு மறுபடி வரவில்லை. பாதையில் நிலையங்கள் கட்டி, தபாலையும் குடிபெயர்வோருக்கான உணவையும் ஒன்றாகக் கையாளும் போக்குவரத்து நிறுவனம் ஒன்றை யங் 1857 தொடக்கத்தில் அமைத்தார். டீர் கிரீக்கில் வேலை தொடங்கியது. துணியை எரித்த அதே இடம். ஆனால் அந்தக் கோடையில் மத்திய அரசு தபால் ஒப்பந்தத்தை ரத்து செய்தது, யூட்டாவுக்குப் படையும் அனுப்பியது. நிலையங்கள் கைவிடப்பட்டன. 1861 முதல் வேறு வழி வந்தது: யூட்டாவின் சபைகளே வசந்தத்தில் மாவு ஏற்றிய மாட்டு வண்டிகளைக் கிழக்கே அனுப்பும்; மாவைப் பாதையில் இடம் இடமாக வைத்துவிட்டுப் போய், திரும்பும்போது ஆட்களை ஏற்றிவரும். வண்டியும் மாடும் உள்ளூருடையது, ரொக்கம் தேவையில்லை, புறப்படும் தேதி யூட்டாவின் கையில். 1869-இல் ரயில் வரும்வரை இதுவே ஓடியது.

பயணக் கடன் மட்டும் பேரேட்டில் நின்றது. நிதிக்குக் கடன்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலைத் திருச்சபை 1877-இல் அச்சிட்டது. 1880-இல், சபை தொடங்கி ஐம்பதாம் ஆண்டில், பாக்கியில் பாதி ஏழைகளுக்குத் தள்ளுபடியானது. 1887-இல் பலதார மணத்தை ஒடுக்க வந்த எட்மண்ட்ஸ்–டக்கர் சட்டம் திருச்சபையின் சட்டபூர்வ அமைப்போடு இந்த நிதியையும் கலைத்தது; மீதிக் கடன் அதோடு முடிந்தது.